மார்பைத் தைக்கும் விதமும் பின்வரும் வேதனையும்



நுரையீரல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வார்டில் சந்திக்கும்போது, "ஐயா, தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. ஆனாலும் இருமினால் உயிர் போகிறதே, ஏன்?" என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. அதற்கான காரணங்களில் ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நுரையீரலை எட்டுவதற்கு வைத்தியர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மார்பைத் திறக்கிறார்கள். பெரும்பாலான விலா எலும்புகளின் கீழ்விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. அதில் இரத்தக்குழாய்களோடு ஒரு நரம்பும் ஓடுகிறது. ஆபரேஷன் முடிந்தபின், விரித்த விலாக்களை மறுபடியும் சேர்த்துக் கட்டவேண்டும். வழக்கமான முறையில், கனத்த நூலை இரண்டு எலும்புகளையும் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கி முடிச்சிடுவார்கள். கட்டு உறுதியாயிருக்கும். ஆனால் கீழ் விலாவின் அடியிலுள்ள நரம்பு, நூலுக்கும் எலும்புக்கும் இடையே நசுங்கக்கூடும். அப்போது முதுகிலிருந்து மார்பின் முன்பக்கம்வரை எரிச்சலும் குத்தலும் உண்டாகின்றன.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கீழ் விலாவில் சிறு துளைகள் இட்டு, நூலை அவற்றின் வழியே செலுத்துகிறார்கள். நூல் எலும்பின் அடியைச் சுற்றாததால் நரம்பு தப்புகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் டாக்டர் ராபர்ட் செர்ஃபோலியோவும் அவருடைய குழுவினரும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். துளையிட்டுத் தைக்கப்பட்டவர்களுக்கு வேதனை குறைவாயிருந்தது.

தையல் ஒன்றே காரணமல்ல. விலாக்களை விரிக்கும் கருவியும், மார்பில் வைக்கும் குழாயும் வலியை உண்டாக்கும். ஆகையால் மரத்துப்போகும் ஊசியும் வலி மாத்திரைகளும் இன்னும் தேவையே.

வலி குறைவது சொகுசுக்காக அல்ல. வேதனைக்குப் பயந்தவர் ஆழ்ந்து மூச்சு இழுக்கமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கி நிமோனியா வரலாம். சிலருக்கு இந்த வேதனை மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது.

வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்லும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். "பொறுத்துக்கொள்ளுங்கள், விசுவாசமாயிருங்கள்" என்று மட்டும் சொல்லி வந்துவிடாதீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்களே. நசுங்கிய நரம்பு வலிப்பது விசுவாசக் குறைவல்ல. வலியை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லும்படி தைரியப்படுத்துங்கள். ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். அதுவும் ஊழியமே.

மருத்துவமனைப் போதகர்