மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்குரிய நோய்க் குறியீடுகள்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒருவர் வீடு திரும்பிய பின்னர், அவருடைய நோய்க் குறிப்பேடு குறியீட்டாளர் ஒருவரிடம் செல்கிறது. மருத்துவர் சொற்களால் எழுதியவற்றை அவர் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாக மாற்றுகிறார். இக்குறியீடுகளைக் கொண்டே மருத்துவமனைக்குரிய தொகையைக் கணிக்கும் முறை, ஐக்கிய அமெரிக்க நாட்டில் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியாகிய மெடிக்கேர் திட்டத்தில் 1983 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. யேல் பல்கலைக் கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் ஆகிய இருவரும் வகுத்த நோய்த் தொகுதி முறையே இதற்கு அடிப்படை. ஒரே தொகுதியில் அடங்கும் நோயாளிகள் நான்கு நாள் தங்கினும் ஏழு நாள் தங்கினும் பெரும்பாலும் தொகை மாறுவதில்லை. ஆகவே எக்குறியீட்டை முதலில் நிறுத்துவது என்பது பணத்தைப் பொறுத்த வினாவாயிற்று.

நோய்களைக் குறிக்கும் குறியீடுகள் இப்பயனுக்கென்று பிறந்தவை அல்ல. ஜாக் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலார் 1893இல் சிக்காகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே அவற்றின் மூலம். 1948இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பில் வெளிவந்த ஆறாம் திருத்தத்தில்தான் உயிரைப் பறிக்காத நோய்களும் சேர்க்கப்பெற்றன. பத்தாம் திருத்தத்தைத் தழுவிய பட்டியல் ஒன்றை அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் கையாளுகின்றன.

முதலில் நிற்பது 'முதன்மை நோய்' எனப்படும். இம்மொழிபெயர்ப்பு சற்றே ஏமாற்றுவது. கொடிய நோய் என்றோ நெடுநாள் வருத்திய நோய் என்றோ பொருள்பட்டுவிடும். விதியின்படி, ஆராய்ந்த பின்னர், நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதற்குத் தலைமைக் காரணம் என நிறுவப்பட்ட நோயே அது. மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்து சேர்க்கப்படுகிறார் எனக் கொள்வோம். ஐந்தாம் நாள் அவருக்கு நிமோனியா காண்கிறது. மேலும் இரு வாரம் அதற்கே சிகிச்சை நடைபெறுகிறது. எனினும் முதன்மை நோய் எலும்பு முறிவேயாகும். நிமோனியா துணை நோய். அது சேர்க்கையின்போது இல்லை என்னும் அடையாளமும் அதனுடன் இடப்பெறும்.

காய்ச்சலும் இருமலுமாக வந்தவருக்கு நிமோனியா என்று முடிவானால் அறிகுறிகளைத் தனியே குறிப்பதில்லை. கிருமி இன்னதென்று கூறப்படாத நிமோனியாவுக்கு ஜே 18.9, கிளெப்சியெல்லா கிருமியால் விளைந்ததற்கு ஜே 15.0. பின்னது கூடுதல் தொகைக்குரிய தொகுதியில் சேர்வது. சளிப் பரிசோதனையில் அக்கிருமி காணப்பட்டிருப்பினும், மருத்துவர் அதனை நோய்க் காரணமென்று எழுதாதவரை குறியீட்டாளர் தாமாக ஜே 15.0 இடலாகாது, மருத்துவரை எழுத்து மூலம் வினவலாம். அவ்வினாவும் விரும்பிய விடையை நோக்கி நடத்திச் செல்வதாக இருத்தல் கூடாது. வீடு திரும்பும்போது மருத்துவர் "இன்ன நோயாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தால், தங்கிச் சிகிச்சை பெற்றவர் திறத்தில் அந்நோய் உள்ளதாகவே கொள்ளப்படும். வெளிநோயாளிக்கு அவ்வாறன்று, அறிகுறியை மட்டுமே குறித்தல் வேண்டும். புதியவர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுவே.

அறுவைச் சிகிச்சைகளுக்கு ஏழிடக் குறியீடு தனியே உண்டு. உறுப்பு முழுதும் நீக்கப்பட்டதா, ஒரு பகுதி மட்டுமா என்பதை மூன்றாம் இடமும், உடலைத் திறந்து செய்ததா, குழல்வழி செய்ததா என்பதை ஐந்தாம் இடமும் காட்டும்.

பொருந்தாத உயர்ந்த குறியீட்டை அறிந்தே இட்டு அரசாங்கத்திடம் பணம் பெறுவது அந்நாட்டில் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ்த் தண்டத்துக்குரியது. நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனாவில், சிகிச்சைத் தொகுப்புக்கு இத்துணை எனத் தொகை வரையறுக்கப்பட்டுள்ளமையின், தொகுப்பைச் சரியாகத் தேர்வது இங்கும் வேண்டுவதாயிற்று.

களப் பணியாளர் கருத வேண்டியது மற்றொன்றுண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாம் திருத்த விதி, சிகிச்சைக்குக் காரணமான நோய்கள் ஒன்றுக்கு மேற்பட்டால், வசதிகளை மிகுதியாகச் செலவிடச் செய்ததையே தலையாய நோயாகக் கொள்ளச் சொல்கிறது. மேற்கூறிய மூதாட்டி அவ்விதியின்படி நிமோனியாக் கணக்கில் சேரவும் கூடும். மருத்துவமனை நோய்க் கணக்குகள் இரண்டை ஒப்பிடுமுன், எவ்விதியைக் கொண்டு அவை தொகுக்கப்பெற்றன என்று கேட்டறிதல் வேண்டும்.