மண்ணுக்குள் ஒரு மக்கள்தொகைக் கணக்கு

கல், மண், காற்று, நீர் என்று உயிரற்ற பொருள்களின் வரிசையில் வைத்தே மண்ணைப் படித்து வந்திருக்கிறோம். அந்த மண்ணும் ஓர் ஊர், அதற்குள்ளும் குடிகள் உண்டு என்றால் முதலில் வியப்பாகவே இருக்கும். ஆனால் ஒரு கிராம் நல்ல மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டுமே கோடிக்கணக்கில் வாழ்கின்றன. உலகிலுள்ள உயிரின வகைகளில் ஏறத்தாழ 59 விழுக்காடு மண்ணையே வீடாகக் கொண்டவை என்று 2023-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. கணிப்புதான், எண்ணி முடித்தது அன்று. எண்ணி முடிக்க எத்தனை தலைமுறை ஆகுமோ!

சென்ற கோடை விடுமுறையில் மாணவர் ஆய்வுப் பயிற்சியின் பொருட்டு இராசிபுரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் இந்த எண்ணும் வேலையைச் செய்தேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறை மிக எளிது. 25 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சதுரம் குறித்து, 30 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணைக் கட்டியாகவே எடுக்க வேண்டும். அதைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்குகளாகப் பிரித்து, வெள்ளைத் தட்டில் உதிர்த்துக் கையாலேயே பொறுக்க வேண்டும். கரையான், எறும்பு, பூரான், மரவட்டை, வண்டின் புழு, மண்புழு எனக் கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் இதில் அகப்படும். வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் இதே அளவுதான்; ஆகையால் நம் ஊர்க் குழியைப் பிற நாட்டுக் குழியோடு ஒப்பிட முடியும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாதவற்றைப் பிடிப்பதற்கு வேறு வழி. இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லீஸ் 1905-இல் ஒரு புனல் கருவியைச் செய்தார். சுவீடன் நாட்டு துல்கிரன் 1918-இல் அதில் மின்விளக்கைச் சேர்த்தார். புனலில் வலையிட்டு மண்ணைப் பரப்பி, மேலே விளக்கை எரிய விட்டால், மண் மேலிருந்து காய்ந்துகொண்டே வரும். ஈரத்தை நாடும் சிற்றுயிர்கள் கீழே கீழே இறங்கிக் கடைசியில் அடியிலுள்ள ஆல்கஹால் புட்டியில் விழும். தண்ணீர் புட்டியின் மேற்பாதியும் தேநீர் வடிகட்டியும் 40 வாட் பல்பும் இருந்தால் நாமே செய்துவிடலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் காலெம்போலா என்னும் துள்ளும் பூச்சிகளும், உண்ணிக்கு உறவான மைட்டுகளும் தெரியும். மைட்டுகளை இனம் பிரிப்பது மட்டும் பெரும்பாடு. அதற்கென்றே பயின்றவர்கள் வேண்டும்.

இனி நான் கண்டதற்கு வருகிறேன். கிழங்கு எடுத்துவிட்ட குச்சிக்கிழங்குக் காட்டில் எறும்பும் கரையானும் தவிர அதிகம் இல்லை. அதே காட்டின் வரப்பில், வேப்பமர நிழலில், சருகு மூடிய இடத்தில் மரவட்டையும் பூரானும் வண்டுப் புழுக்களும் வந்தன. அடி அடுக்கில் ஒரு மண்புழு முடிச்சுப் போலச் சுருண்டு கிடந்தது. இதைக் கொண்டு "பயிர்க் காட்டு மண் செத்துவிட்டது" என்று எழுதிவிடலாமா? பக்கத்துக் காட்டு ஆத்தா ஒருவர் கேட்ட கேள்வியே இதற்கு விடை: "ஏங்கண்ணு, கத்திரி வெயில்ல வந்து நாக்குப்பூச்சி தேடறயே, மழை பேஞ்ச மக்கா நாளு வந்து பாரு."

அவர் சொன்னது முழு அறிவியல். வறட்சியில் மண்புழுக்கள் பல ஆழத்துக்கு இறங்கி, உடலைச் சுருட்டி ஒடுங்கிவிடுகின்றன. நமக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதமும் அவை ஒளிந்துகொள்ளும் மாதமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. தட்டில் இல்லை என்பதால் மண்ணில் இல்லை என்று ஆகாது.

மண்புழு என்றதும் உரக்குழிப் புழுவையே பலரும் நினைக்கிறார்கள். யூட்ரிலஸ், ஐசீனியா என விற்கப்படும் அயல்நாட்டு வகைகள் சாணத்திலும் குப்பையிலும் வாழ்பவை; காட்டில் விட்டால் உழவனுக்குத் துணை நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மண்ணில் துளையிட்டு மேலும் கீழும் சென்று வருபவை லாம்பிட்டோ மாரிட்டி போன்ற வகைகள். சென்னைப் புதுக்கல்லூரியில் விலங்கியல் கற்பித்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் இந்த வகையையும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் வகையையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து, உள்ளூர்ப் புழுவே நமக்கு ஏற்றது என்று வலியுறுத்தி வந்தவர்.

ஒரு கோடையில் ஒரு குழி தோண்டி அறிவது கொஞ்சமே. சார்லஸ் டார்வின் 1842 டிசம்பரில் தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871 நவம்பரில் அங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்கு அடியில், 7 அங்குல ஆழத்தில், வெள்ளைத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. 1881-இல் அது நூலாயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவ்வளவு தொலைவு போவானேன்? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் எருவும் உரமும் இட்டுப் பார்க்கும் நிலையான ஆய்வு 1909 முதல் நடந்து வருகிறது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. கணக்கு மட்டும் நிற்கிறது.

நம் துறையும் இப்படி ஒரு கணக்கைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஆண்டுதோறும் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்பைத் தேடி அலைவதைவிட, குச்சிக்கிழங்குக் காடு ஒன்று, கோழி எரு இடும் தோட்டம் ஒன்று, உழாத வரப்பு ஒன்று என மூன்றே இடங்களை வைத்துக்கொண்டு, மேயில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறையும் தோண்டினால் போதும். முதலாண்டு மாணவன் எழுதிய ஏட்டில் அடுத்த ஆண்டு மாணவன் தொடர்ந்து எழுதட்டும். இலத்தீன் பெயருக்கு அருகே ஊர்ப் பெயரையும் எழுத ஒரு பத்தி விட வேண்டும். என் பாட்டி சொல்லும் பூச்சிப் பெயர்களில் பாதி எந்தப் பாடநூலிலும் இல்லை.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புட்டிகளும் ஆல்கஹாலும் ஆய்வுக்கூடத்திலேயே கிடைக்கும். மம்முட்டி இரண்டு வேண்டும். அவை எங்கள் வீட்டில் இருக்கின்றன.