அணை பார்க்க வருவோரே, அறுவடையையும் பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்து, மலையடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். அங்கே இரண்டு அணைகள். ஒன்று பெரியாறு, மற்றது கோவிலாறு. பெரியாறு என்றதும் தேக்கடியை நினைத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

மேட்டூரில் 120 அடி வரை தண்ணீர் நிற்கும். வைகை அணையில் 71 அடி. பிளவக்கல் பெரியாற்றில் நிற்பதோ சுமார் 47 அடி. கோவிலாற்றில் 42 அடி. அவ்வளவுதான்! ஆனால் வத்திராயிருப்பு வட்டாரத்து உழவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் சோறு.

தை பிறந்தால் இந்தப் பக்கம் களை கட்டிவிடும். வீட்டு இறவாணத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுவார்கள். வாசலில் புதுப்பானை ஏறும். கரும்பும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் வந்து சேரும். காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு அணைப் பக்கம் புறப்படுவார்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

இதுவரை உள்ளூர்க் கூட்டம். இப்போது வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

திடீர்ப் புகழ்

2025 ஜூன் மாதம் அணைக்குப் பக்கத்து ஊரான கூமாபட்டி தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றது. அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் அழகைச் சொல்லி எல்லோரையும் அழைத்து, இன்ஸ்டாகிராமில் காட்சிகளை வெளியிட்டார். எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு ஏமாற்றம். அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை! அதே ஆண்டில், அணைப் பூங்காவைச் சீர்படுத்த 10 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது.

பூங்கா வரட்டும், நல்லதுதான். வண்டிக்காரர், கடைக்காரர், இளநீர் விற்பவர் எல்லோருக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனால் வந்தவர்கள் பார்க்க ஆசைப்பட்ட தண்ணீர் யாருடையது, எதற்காகத் தேக்கியது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

தண்ணீர் போகும் வழி

அணை மதகைத் திறந்ததும் தண்ணீர் நேரே வயலுக்குப் போய்விடுவதில்லை. ஆற்றில் இறங்கி, கால்வாயில் பிரிந்து, கண்மாய்களில் தங்கி, மடை வழியாகத்தான் வயலைச் சேரும். மிஞ்சி ஓடுவது அர்ச்சுனா நதி, வைப்பாறு என்று போய் மன்னார் வளைகுடாவில் கலக்கும்.

எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்று கவனிப்பவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். அறுவடைக் களத்திலேயே அவருக்கு நெல் அளந்து போடுவது தென் மாவட்டங்களின் பழைய வழக்கம். கண்மாய் பெருகினால் அவர் வீட்டிலும் பொங்கல் பொங்கும். வறண்டால், ஊரோடு அவருக்கும் பட்டினிதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் மதகு திறக்காது. மதகு திறக்காவிட்டால் தை மாதம் வயலில் என்ன இருக்கும்? ஆகவே, இங்கே பொங்கல் என்பது அணை நிறைந்ததற்கும் சேர்த்துச் சொல்லும் நன்றி.

விருந்தினர் என்ன பார்க்கலாம்?

சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் மாவட்டந்தோறும் பொங்கல் விழா நடத்துகிறது. வெளிநாட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, பானையில் அரிசி போடச் சொல்கிறார்கள். அவர்களும் மகிழ்ச்சியோடு "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறார்கள். ஆனால் அந்த அரிசி விளைந்த வயலை எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள்?

பிளவக்கல்லில் அதற்கு வழி இருக்கிறது. மலை, அணை, கண்மாய், வயல், களம் எல்லாம் ஒரு பகல் சுற்றில் அடங்கும். பொங்கலுக்கு முன்பே வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் மார்கழி விழாவைத் தரிசிக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அங்கே கிடைக்கும். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று அரிவாளால் அறுக்கும் காட்சியை எதிர்பார்த்து வந்தால் கிடைப்பது கடினம். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது. எல்லா வயலும் ஒரே நாளில் விளைவதும் இல்லை. ஒன்று முற்றி நிற்கும். பக்கத்தது பச்சையாக நிற்கும். உள்ளதை உள்ளபடி காட்டினாலே போதும். வழிகாட்டியாக ஒரு நீர்ப்பாய்ச்சியை அமர்த்தி அவருக்குக் கூலி கொடுக்கட்டும். சமையலை ஊர்ப் பெண்களிடம் விடட்டும். வந்தவர்கள் இந்த மண்ணில் விளைந்த அரிசியைப் படி கணக்கில் வாங்கிப் போகட்டும். அப்போதுதான் சுற்றுலாப் பணம் உழவன் வீட்டுப் படியேறும்.

வருவோர் கவனிக்க

மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதியின்றி நுழையக் கூடாது. கால்வாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோர் பிளாஸ்டிக் பையையும் கண்ணாடிப் புட்டியையும் விட்டுச் செல்லக் கூடாது. பை மடையை அடைக்கும். உடைந்த புட்டி தண்ணீரோடு போய்ச் சேற்றில் புதையும். அடுத்த நடவுக்கு அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவள் யார் வீட்டுத் தாயோ!

காணும் பொங்கல் என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். உற்றாரைக் காண்பதற்கு ஒரு நாள். சோறு போடுகிறவனும் நமக்கு உற்றார்தானே? பிளவக்கல்லுக்கு வருகிறவர்கள் அணையைப் பார்த்துவிட்டு, வரப்பு வழியே நடந்து அவனையும் ஒரு முறை கண்டுவிட்டுப் போகட்டும்.