சோலாரிஸ் இயங்குதளம்

சோலாரிஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வணிக யுனிக்ஸ் இயங்குதளம் ஆகும். 2010 முதல் இது ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமை. வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், பெரிய தரவுத்தளங்கள் போன்ற, நிற்காமல் ஓட வேண்டிய பணிகளுக்கான வழங்கிக் கணினிகளில் இது மிகுதியாகப் பயன்பட்டது. இன்று இதைப் புதிதாக நிறுவுவோர் குறைவு. ஆயினும் இதில் பிறந்த சில கருத்துகள் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரிடம் வேறு வடிவில் வந்து சேர்ந்துள்ளன. அதனால் கணினி அறிவியல் மாணவர்கள் இதன் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுள்ளது.

தோற்றம்

சன் நிறுவனம் 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. 'சன்' என்ற பெயருக்கும் சூரியனுக்கும் தொடர்பில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அப்பெயராயின. நிறுவனர்களுள் ஒருவரான பில் ஜாய், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யுனிக்ஸை வளர்த்தவர். ஆகவே சன்னின் முதல் இயங்குதளமான சன்ஓஎஸ், பிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது இயல்பே. வேறொரு கணினியில் உள்ள கோப்பைத் தன் கணினியில் உள்ளதுபோலவே கையாள உதவும் என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறைமையும் 1980களின் நடுவில் இங்குதான் உருவானது.

அக்காலத்தில் யுனிக்ஸ் இரு கிளைகளாகப் பிரிந்து நின்றது. ஒன்று பெர்க்லியின் பிஎஸ்டி. மற்றொன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ். இவ்விரண்டையும் ஒன்றாக்க ஏடி அண்ட் டியும் சன்னும் 1987இல் கைகோத்தன. இதனால் அச்சமுற்ற போட்டி நிறுவனங்கள் மறு ஆண்டே ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற எதிரணியை அமைத்தன. பிளவைத் தீர்க்க எடுத்த முயற்சியே புதிய பிளவுக்குக் காரணமாயிற்று.

இந்தக் கூட்டு முயற்சியில் விளைந்த சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டின் மீது 1992இல் சோலாரிஸ் 2 எழுப்பப்பட்டது. உள்ளே இதன் பெயர் சன்ஓஎஸ் 5. பழைய சன்ஓஎஸ் 4 வரிசைக்குப் பின்னோக்கிச் சோலாரிஸ் 1 என்று பெயர் சூட்டினர். பழைய பயனர்கள் இந்த மாற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. பழகிய கட்டளைகள் மாறியிருந்தன. அதோடு, முன்பு இயங்குதளத்துடனேயே கிடைத்த சி மொழிமாற்றியைச் சன் தனியாக விலைக்கு விற்கத் தொடங்கியது. பணம் கொடுக்க விரும்பாதோர் இலவசமான ஜிசிசி மொழிமாற்றியை நாடினர். கட்டற்ற மென்பொருள் பரவ சன் செய்த இந்த உதவி, அது எண்ணிச் செய்ததன்று.

பல செயலிகளில் இயங்குதல்

சோலாரிஸ் 2இன் கருனி, பல செயலிகள் ஒரே நேரத்தில் அதனுள் வேலை செய்யும் வகையில் வடிவமைக்கப்பட்டது. கருனி முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்தால், ஒரு செயலி உள்ளே இருக்கும்போது மற்றவை வாசலில் காத்திருக்க வேண்டும். சோலாரிஸ் அதற்குப் பதிலாக ஒவ்வொரு தரவமைப்புக்கும் சிறு சிறு பூட்டுகளை வைத்தது. 1997இல் வந்த சன் எண்டர்பிரைஸ் 10000 என்ற கணினி 64 செயலிகள் வரை ஏற்றது. இத்தகைய கணினிகளில் இவ்வடிவமைப்பின் பயன் தெரிந்தது. 1998இல் வந்த சோலாரிஸ் 7 முழுமையான 64 பிட் ஆதரவைத் தந்தது.

சோலாரிஸ் 10

2005 ஜனவரியில் வெளிவந்த சோலாரிஸ் 10தான் இவ்வரிசையின் சிகரம் என்பது என் கருத்து. பதிப்பு வெளிவந்தபின் 2006இல் இதனுடன் சேர்க்கப்பட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வன்தட்டு பழுதானால் பிழைச்செய்தி வரும் என்று நாம் நம்புகிறோம். சில வேளைகளில் வன்தட்டு தவறான தரவைக் கொடுத்துவிட்டு, சரியாகக் கொடுத்ததாகவே கூறும். இதைக் கண்டறிய ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை கணக்கிடப்படுகிறது. அதை எங்கே வைப்பது என்பதே முக்கியமான கேள்வி. ஒரு மாணவனின் மொத்த மதிப்பெண் விடைத்தாளில் மட்டும் எழுதப்பட்டுள்ளது என்று கொள்வோம். அந்தத் தாளுக்குப் பதில் வேறொருவர் தாள் கட்டில் வந்துவிட்டால், அதிலுள்ள கூட்டலும் சரியாகவே இருக்கும், தவறு தெரியாது. மொத்தம் தனிப் பதிவேட்டிலும் இருந்தால் உடனே பிடிபடும். இசட்எஃப்எஸ் இதைத்தான் செய்கிறது. ஒரு தொகுதியின் சரிபார்ப்புத் தொகையை அத்தொகுதியுடன் வைக்காமல், அதைச் சுட்டும் மேல்நிலைத் தொகுதியில் வைக்கிறது. தரவு இரு வட்டுகளில் இருந்தால், கெட்ட படியை நல்ல படியைக் கொண்டு தானே திருத்திவிடும். ஒரே வட்டு, ஒரே படி என்றால் தவறு என்று மட்டுமே சொல்ல முடியும்.

மேலும், பயன்பாட்டிலுள்ள தொகுதியின் மேல் இது எழுதுவதே இல்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டிகளை மாற்றுகிறது. நடுவில் மின்சாரம் நின்றாலும் பழைய நிலை சிதையாமல் இருக்கும். பழைய தொகுதிகளை அழிக்காமல் விட்டால் அந்த நேரத்து நிலை அப்படியே ஒரு நிழற்படியாகக் கிடைத்துவிடுகிறது.

டிட்ரேஸ் மற்றொரு சிறப்பு. ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி ஏன் மந்தமாயிற்று என்பதை அதை நிறுத்தாமலே ஆராயும் கருவி இது. கண்காணிப்புப் புள்ளிகளை இயக்காதவரை அவற்றால் வேகம் குறைவதில்லை. இதற்கென உருவாக்கிய டி மொழியில் சுழற்சிக் கட்டளைகளே கிடையாது. ஆய்வு நிரல் முடிவின்றிச் சுற்றி வழங்கியை முடக்கிவிடக்கூடாது என்பதே காரணம். ஒரே கருனியின்மேல் தனித்தனி அறைகள்போல் பல சூழல்களை ஓட்டும் 'மண்டலம்' வசதியும் இப்பதிப்பில் வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கு முன்னோடி உண்டு. இன்று டாக்கர் வழியே பலர் அறிந்துள்ள கொள்கலன் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

திறப்பும் அடைப்பும்

2005 ஜூனில் சன் தன் மூலநிரலின் பெரும்பகுதியை ஓப்பன்சோலாரிஸ் என்ற பெயரில் சிடிடிஎல் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. இந்த உரிமம் லினக்ஸ் கருனியின் ஜிபிஎல் உரிமத்துடன் பொருந்தாது என்பது பரவலான கருத்து. இசட்எஃப்எஸ் இன்றுவரை லினக்ஸ் கருனியின் மூலநிரலில் இடம்பெறாமல், தனியே சேர்க்கப்படும் கூறாக இருப்பது இதனால்தான்.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூலநிரலை அன்றாடம் வெளியிடும் வழக்கம் நின்றது. வெளியிலிருந்து உழைத்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் ஒருமுறை திறந்த உரிமத்தில் கொடுத்த நிரலைத் திரும்பப் பெற இயலாது. அதை எடுத்துக்கொண்டு இல்லுமோஸ் என்ற திட்டம் அதே மாதத்தில் தொடங்கப்பட்டது. ஆரக்கிளின் சோலாரிஸ் 11 2011இலும், 11.4 பதிப்பு 2018இலும் வெளிவந்தன. இடையே 2017இல் சோலாரிஸ் பிரிவில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தது. அதன் பின்னும் 11.4 பதிப்புக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இல்லுமோஸ் வழிவந்த ஓப்பன்இண்டியானாவை மெய்நிகர் கணினியில் இலவசமாக நிறுவலாம். பெயரிலுள்ள இண்டியானா அமெரிக்க மாநிலம், இந்தியா அன்று. அதில் யூநேம் கட்டளையைப் பெயர், பதிப்பு ஆகியவற்றுக்கான தெரிவுகளுடன் கொடுத்தால், திரையில் வருவது 'சன்ஓஎஸ் 5.11'.