"நாகசேனர் என்று ஒருவர் இல்லை!" - கிரேக்க ராஜாவைத் திகைக்க வைத்த புத்த பிக்கு

"சுவாமி, உங்கள் பெயர் என்ன?"

ராஜா கேட்டது இவ்வளவுதான். பிக்கு சொன்ன பதிலோ எல்லாரையும் திகைக்க வைத்தது.

நாகசேனர் என்று கூப்பிடுகிறார்களாம். ஆனால், அது வெறும் பெயர்தானாம். அந்தப் பெயருக்குள் ஆள் யாரும் இல்லையாம்!

கேள்வி கேட்ட ராஜா மிலிந்தர். கிரேக்க வம்சத்தைச் சேர்ந்தவர். கிரேக்கர்கள் அவரை மெனாண்டர் என்பார்கள். கி.மு. 2-ம் நூற்றாண்டில் பஞ்சாப் பகுதியை ஆண்டவர். அவருடைய தலைநகரம் சாகலம். பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்தான் அது என்பது அறிஞர்கள் கருத்து.

அவர் அடித்த காசுகள் நிறையக் கிடைத்துள்ளன. ஒரு பக்கம் கிரேக்க எழுத்து. மறு பக்கம் இந்திய எழுத்து!

இருவருடைய பேச்சையும் சொல்லும் பாலி மொழி நூல், "மிலிந்த பஞ்ஹா". "மிலிந்தரின் கேள்விகள்" என்று அர்த்தம்.

ராஜா மடக்கினார்

ராஜா வாதத்தில் புலி. சும்மா விடுவாரா?

தம்மோடு வந்த 500 கிரேக்கர்களையும் சாட்சிக்கு இழுத்தார். "ஆளே இல்லை என்றால், பக்தர்கள் போடும் சோற்றைச் சாப்பிடுவது யார்? உங்களை ஒருவன் கொன்றால், அது கொலை ஆகாதா?" என்று மடக்கினார்.

தலைமுடிதான் நாகசேனரா? பல்லா? எலும்பா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில் வந்தது. அப்படியானால் நீங்கள் சொன்னது பொய் என்றார் ராஜா.

ரதம் எங்கே?

இப்போது பிக்குவின் முறை. மணல் சுடுகிற வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று கேட்டார். இல்லை, ரதத்தில் வந்தேன் என்றார் ராஜா.

அச்சுதான் ரதமா? சக்கரமா? நுகத்தடியா? இல்லை, இல்லை, இல்லை! இவற்றை விட்டுத் தனியாக ரதம் உண்டா? அதுவும் இல்லை!

தாம் விரித்த வலையில் ராஜாவே விழுந்தார். எல்லாம் சேர்ந்திருப்பதால் ரதம் என்று பெயர் சொல்லுகிறோம் என்றார்.

நாகசேனரும் அப்படியே என்றார் பிக்கு. உடம்பு, உணர்ச்சி, நினைவு, அறிவு ஆகியவற்றின் கூட்டத்துக்குத்தான் "நான்" என்று பெயர். புத்தர் போதித்ததும் இதுவே.

மாம்பழத் திருடன்

"நான்" இல்லை, ஆகவே பாவமும் இல்லை என்று ஒருவன் கிளம்பிவிட்டால்? உண்மையில் கஷ்டமான கேள்வி இதுதான். ராஜா இதையும் கேட்டார்.

பிக்கு ஒரு கதை சொன்னார். ஒருவன் மாம்பழம் திருடிப் பிடிபட்டான். "தோட்டக்காரர் நட்டது வேறு, நான் பறித்தது வேறு" என்று வாதாடினான். அவனை விட்டுவிடலாமா?

கூடாது என்றார் ராஜா. நட்டதிலிருந்துதானே இந்தப் பழம் வந்தது!

மனிதனும் அப்படியே. செய்தவனும் அனுபவிப்பவனும் ஒரே ஆளும் அல்ல. வேறு ஆளும் அல்ல. இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடரைப்போல, ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. ஆகவே, கணக்கு தீராது.

மிலிந்தர் கடைசியில் மகனிடம் ராஜ்யத்தை ஒப்படைத்துவிட்டுத் துறவி ஆனார் என்று அந்த நூல் சொல்லுகிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லுவது வேறு. ராஜா போர்ப் பாசறையில் இறந்தாராம். அவருடைய சாம்பல் தங்களுக்கே வேண்டும் என்று ஊர்கள் சண்டை போட்டனவாம். முடிவில் சாம்பலைச் சமமாகப் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டு போனார்களாம்.