பொத்தானை அழுத்திய பிறகு

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், இருபது ஆண்டுகளுக்கு முன் கூமாப்பட்டிக்காரருக்கு அது ஒரு நாள் வேலை. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிப் பேருந்தில் ஏற்றி, வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ, அதையும் தாண்டி ராஜபாளையத்துக்கோ கொண்டுபோக வேண்டும். கடையில் செருகிய மறுகணமே விசிறி சுழலும், திரையில் எழுத்து வரும். ஊருக்குத் திரும்பிச் செருகினால் மறுபடி ஒன்றுமில்லை. இன்று அந்தப் பயணம் பெரும்பாலும் இல்லை. பெட்டி அறையிலேயே திறந்து கிடக்கிறது. பக்கத்தில் சாய்த்து வைத்த கைபேசியில் யாரோ ஒருவர் எந்தக் கேபிளை எங்கே செருக வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.

கடையில் ஓடி வீட்டில் ஓடாததற்கு அன்று பாதிக் காரணம் மின்சாரம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பிய வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர் இது. பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் இறங்கிவிடும். கேபினட்டோடு சேர்ந்தே வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) 400 வாட் என்று ஒட்டியிருக்கும். அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. பின்புறத்தில் 115, 230 என்று இரண்டு நிலைகள் கொண்ட சிவப்புத் தள்ளுபொத்தான் இருக்கும். அது 115இல் இருந்துவிட்டால், நம் ஊர் 230 வோல்ட்டில் ஒரே வெடிச்சத்தத்தோடு கதை முடியும். பல வீடுகளில் எர்த் கிடையாது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்தும். கம்ப்யூட்டரில் கோளாறு என்று அதற்குப் பயந்தவர்கள் உண்டு. உண்மையில், எஸ்.எம்.பி.எஸ்ஸின் வடிகட்டி மண்ணுக்கு அனுப்ப வேண்டிய சிறு மின்கசிவு போக வழியில்லாமல் தகட்டில் தங்கியதுதான் அது. 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு நீடித்தபோது, எந்தக் கோளாற்றுக்கும் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: கரண்ட் இருக்கா?

இன்று அந்தக் கேள்வி முதலிடத்தில் இல்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகத் தேர்ந்து வாங்குகிறார்கள். 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் அதுவே சரிசெய்துகொள்கிறது. சிவப்புத் தள்ளுபொத்தான் மறைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பின்பக்கத்துச் சிறு ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும். அதைப் போட மறந்துவிட்டு மதர்போர்டு போய்விட்டதென்று கலங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பொத்தானின் இயல்பே மாறியிருக்கிறது. தொண்ணூறுகளின் ஏ.டி. வகைப் பெட்டிகளில் முன்புறப் பொத்தான் வரை 230 வோல்ட் தடித்த கம்பியில் வந்தது; அழுத்தினால் டக்கென்று மின்சாரம் பாய்ந்தது. மதர்போர்டுக்குச் சென்ற இரண்டு இணைப்பிகளைக் கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி செருக வேண்டும். இடம் மாறினால் போர்டு போயிற்று. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை இதை மாற்றியது. அது முதல் பொத்தான் மின்சாரத்தைத் திறப்பதில்லை. இரண்டு பின்களை ஒரு கணம் தொடவைத்து, எழுந்திரு என்று மதர்போர்டிடம் சொல்கிறது. போர்டு பச்சைக் கம்பி வழியாக எஸ்.எம்.பி.எஸ்ஸை எழுப்புகிறது. ஆகவே ஆன் ஆகவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை என்ற ஒரே பொருள் போய்விட்டது. சொன்னது போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் போர்டு மறுத்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிப்பை அன்றைய மெக்கானிக் காதால் செய்தார். அவார்டு பயாஸ் உள்ள போர்டில் நீளமான பீப் ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் கேட்டால் கோளாறு டிஸ்ப்ளே கார்டில். நீள ஒலி நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவார். பாதி நோய்கள் அதிலேயே தீர்ந்தன. ஒலியே வராவிட்டால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைப்பார். பித்தளைத் தாங்கி இல்லாத இடத்தில் போர்டு தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிராசசர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவற்றை மட்டும் வைத்து, இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு உசுப்புவார்.

இன்று போர்டு தானே சொல்கிறது. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் பல போர்டுகளின் ஓரத்தில் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தடை. அந்த ஒலிகளை எழுப்பிய சிறு ஒலிபெருக்கி பல கேபினட்டுகளில் வருவதே இல்லை. புதிய பிராசசரைப் பழைய பயாஸ் அடையாளம் காணாவிட்டால், பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் வசதி பல போர்டுகளில் உண்டு. முன்பு அதற்கு, ஏற்கெனவே ஓடும் பிராசசர் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். மெக்கானிக்கின் காதில் இருந்த அறிவு போர்டின் ஓரத்துக்கும் கைபேசிக்கும் இடம் மாறி, ஊருக்கே வந்துவிட்டது. இது சிறிய லாபமல்ல.

புதிய ஏமாற்றங்களும் கூடவே வந்தன. டிடிஆர்5 ராம் போட்ட பெட்டி முதல் முறை எழும்போது, நினைவகத்தை அளந்து பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். விசிறி சுழலும், திரை இருண்டிருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் அந்த அளவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் இல்லை. மானிட்டரைப் போர்டில் செருகிவிட்டுப் படத்துக்குக் காத்திருப்பது வீண். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதித்தார்கள் அன்று. இன்று பெரும்பாலும் எல்லாக் கம்பியும் கறுப்பு. பதினாறாவது பின் எது என்று எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் விளக்கு சொல்வது இடத்தை மட்டும்தான். டிராம் விளக்கு எரிந்தால் கெட்டது ராமா, ராம் செருகும் பள்ளமா, பிராசசரா என்பதை இன்னொரு ராம் போட்டுத்தான் அறிய முடியும். அன்றும் இன்றும் மாறாத ஒரே மருத்துவம் மாற்றிப் பார்ப்பது. மாற்றிப் பார்க்க இரண்டாவது பொருள் வேண்டும். அன்றைய கடையின் பலம் அதுதான். மெக்கானிக்கின் மேசையில் ஓடுகிற எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, ராம் இரண்டு, பழைய டிஸ்ப்ளே கார்டு ஒன்று எப்போதும் கிடந்தன. ஊரிலும் அடுத்த தெருவில் ஒரு பெட்டி இருந்தால், அதன் ராம் பெரும்பாலும் இதிலும் பொருந்தியது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே தலைமுறைப் பொருளை வாங்கியிருந்தார்கள்.

அந்த அடுத்த தெருப் பெட்டிதான் இன்று இல்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர் கையில் மடிக்கணினி வந்தது. பின்னால் கைபேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 2025இல் கூமாப்பட்டியின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசென்றதும் கைபேசி வீடியோதான். மேசைக் கம்ப்யூட்டர் இப்போது தேவைப்பட்டே சேர்ப்பவரின் பொருள்: வீடியோ தொகுப்பவர், கேம் ஆடுபவர். அவருக்கு ஊரில் துணை இல்லை. இருந்தாலும் ஒருவரிடம் டிடிஆர்4, இன்னொருவரிடம் டிடிஆர்5. ஒன்று மற்றதில் செருகாது. 2025 இறுதியில் ராம் விலை பல மடங்கு ஏறியபின், சோதனைக்கென்று இன்னொன்று வாங்குவது யாருக்கும் தோன்றாது.

வாரண்டியின் கதையும் அப்படியே. அன்று பெட்டி முழுவதற்கும் ஒரு கடைக்காரர் பொறுப்பு. அவர் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிவந்த பாகத்தைத் தாமே திருப்பி அனுப்பி மாற்றித் தருவார், அல்லது தவணை சொல்லி இழுப்பார். இன்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறுவனம், அதன் ஆண்டுக் கணக்கு, அதன் சர்வீஸ் சென்டர். உத்தரவாதம் அன்றையதைவிட நீளமானது, எழுத்தில் உள்ளது. ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று முடிவுசெய்து அனுப்ப வேண்டியவர் வாங்கியவரே. தவறான பாகத்தை அனுப்பினால் அது குறையில்லை என்று சில வாரம் கழித்துத் திரும்பி வரும்.

ஆக, தெரிந்துகொள்வது எளிதாயிற்று, உறுதிசெய்வது கடினமாயிற்று. அன்று ஊரில் இல்லாதது விவரம். இன்று இல்லாதது ஓடுகிற இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். அதற்குப் பெரிய கடை வேண்டியதில்லை. மேம்படுத்தும்போது கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடாமல், வத்திராயிருப்புப் பக்கத்து இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்து, கேட்பவருக்குக் கொடுத்து வாங்கினால் போதும். பழைய மெக்கானிக் தன் மேசையில் வைத்திருந்தது அவ்வளவுதான்.