வானத்து நிலாவும் வாய்ப்பாட்டு நிலாவும்

2019 மார்ச் 21. அன்று அதிகாலை மூன்றரை மணி வாக்கில், இந்திய நேரப்படி, சூரியன் பூமத்திய ரேகையைக் கடந்தது. பகலும் இரவும் சமமாகும் தருணம் அது. அடுத்த நாலு மணி நேரத்துக்குள், காலை ஏழேகாலுக்குப் பௌர்ணமி. நம் ஊர் முருகன் கோயில்களில் பங்குனி உத்திரக் கூட்டம் நெரிந்த நாள் அது.

ஈஸ்டர் தேதியைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் விதி ஒன்று உண்டு. சம இரவு நாளுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமியைப் பார், அதற்கடுத்த ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா. அப்படிப் பார்த்தால் அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 24-இல் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஏப்ரல் 21-இல். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஞாயிறு என்பதால் தேதி பலருக்கும் மறக்காது. நாலு வாரம் எப்படித் தள்ளிப்போனது?

திருச்சபை வானத்தைப் பார்ப்பதில்லை, வாய்ப்பாட்டைப் பார்க்கிறது. வாய்ப்பாட்டில் சம இரவு நாள் என்றைக்கும் மார்ச் 21தான். சூரியன் ஒருநாள் முன்னே பின்னே போனாலும் கவலையில்லை. நிலாவுக்கும் அதில் தனிக் கணக்கு. 2019-இல் அந்தக் கணக்கு நிலா மார்ச் 20-ஆம் தேதியே முழுமையாகிவிட்டது. ஒருநாள் முந்திவிட்டதால் அது செல்லாது. அடுத்த முழுநிலா ஏப்ரல் 18, வியாழக்கிழமை. அதையடுத்த ஞாயிறு ஏப்ரல் 21. வேடிக்கையாகத் தோன்றினாலும், வாய்ப்பாட்டைப் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிய, யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கே போக வேண்டும்.

மோசேயின் சட்டத்தில் பஸ்காவுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று நிலா: மாதத்தின் 14-ஆம் நாள் மாலை, அதாவது வளர்பிறை நிறையும் பொழுது. மற்றொன்று பருவம்: ஆபிப் மாதம். ஆபிப் என்றால் பச்சைக் கதிர் என்று பொருள். வாற்கோதுமை கதிர்விட்டு முற்றத் தொடங்கும் மாதம். பண்டிகையோடு சேர்ந்து முதற்கதிர்க் கட்டு ஆண்டவருக்குப் படைக்கப்பட வேண்டும். வயலில் கதிர் இல்லையென்றால் எதைப் படைப்பது?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் மூன்று ஆண்டில் பஸ்கா ஒரு மாதம் முந்தி, குளிர்காலத்துக்குள் போய்விடும். இஸ்லாமிய நாட்காட்டி அப்படியே விடுகிறது. ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருவது அதனால்தான். யூதர்கள் விடவில்லை. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் சேர்ப்பதுபோல், அவர்கள் ஆண்டுக் கடைசியில் இரண்டாவது ஆதார் மாதம் ஒன்றைச் செருகினார்கள். (மாதத்தின் பெயரே ஆதார். நம் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எந்த ஆண்டில் செருகுவது? யூத ரபிகளின் மரபு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: வாற்கோதுமைக் கதிர், மரங்களின் காய்ப்பு, சம இரவு நாள். மூன்றில் இரண்டு பிந்தினால் ஒரு மாதம் கூட்டலாம். யூத சமயத் தலைவர் ரபி கமாலியேல் அனுப்பியதாக தல்மூதில் உள்ள ஒரு கடிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புறாக்குஞ்சுகள் இன்னும் தேறவில்லை, ஆட்டுக்குட்டிகள் மெலிந்திருக்கின்றன, ஆகவே இந்த ஆண்டுக்கு முப்பது நாள் சேர்த்திருக்கிறோம் என்பது அதன் சாரம். இந்த முடிவில் வானியலோடு ஆட்டுப்பட்டியும் பங்கு பெறுகிறது.

மாதப் பிறப்பு இன்னும் கண்ணுக்கு நெருக்கமான விஷயம். மேற்கு வானில் மெல்லிய பிறை தெரிய வேண்டும். தெரிந்ததாக இரண்டு பேர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டாம் நூற்றாண்டுக் கடைசி வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, எருசலேமில் பேத் யாஸேக் என்ற பெரிய முற்றத்தில் இது நடந்த விதத்தைச் சொல்கிறது. சாட்சிகளுக்கு அங்கே விருந்து உண்டு. அடுத்த மாதமும் மனம் நோகாமல் வர வேண்டுமே! ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேள்வி: பிறை சூரியனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கேயா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாய்வு? எவ்வளவு அகலம்? முதல் இருவரின் பதில் ஒத்துப்போனால் தீர்ப்பு முடிந்தது. ஆனாலும் மற்றவர்களை அப்படியே திருப்பி அனுப்புவதில்லை, பேருக்கு இரண்டு கேள்வி கேட்பார்கள். சூதாடிகளும் வட்டிக்காரர்களும் புறாப் பந்தயம் விடுபவர்களும் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்கள். கமாலியேல் தன் மாடி அறைச் சுவரில் பிறையின் பல வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் நீ கண்டது இதுவா அதுவா என்று காட்டிக் கேட்பதற்காக.

தீர்ப்பானதும் ஒலிவ மலையில் தீ எழும். நீண்ட கம்புகளில் நாணலும் சணல் கழிவும் கட்டிக் கொளுத்தி மேலும் கீழும் ஆட்டுவார்கள். எதிர்மலையில் பதில் தீ தெரியும்வரை கை ஓயக் கூடாது. இப்படி மலைக்கு மலை தாவி, பாபிலோன் பக்கத்து ஊர்கள்வரை செய்தி போகும். சமாரியர்கள் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதால் பிறகு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். ஆள் நடந்துதானே போக வேண்டும்? எட்டாத தூரத்து ஊர்கள் சந்தேகத்துக்கு இடமின்றி இரண்டு நாள் பண்டிகை கொண்டாடின. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் ஆசாரமான யூதர்களிடம் அந்த இரண்டாம் நாள் இன்றும் இருக்கிறது. தீப்பந்தம் அணைந்து எத்தனையோ நூற்றாண்டு ஆன பிறகும்.

பார்த்துச் சொன்னது பொய்யென்று தெரிந்தால்? கமாலியேல் ஒருமுறை இரண்டு சாட்சிகளை ஏற்றுக்கொண்டார். பிறையைக் கண்டோம், மறுநாள் இரவு அது தெரியவில்லை என்றார்கள் அவர்கள். மறுநாள் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டிய பிறை எப்படி மறையும்? நேற்றுப் பிள்ளை பெற்றவளுக்கு இன்று வயிறு முட்டிக்கொண்டிருக்குமா என்கிற தொனியில் மடக்கினார் ஒரு மூத்த ரபி. அறிஞர் யோசுவாவும் அவர் பக்கம் சேர்ந்தார். கமாலியேல் யோசுவாவுக்கு ஆணையிட்டார்: உன் கணக்கில் பாவநிவிர்த்தி நாள் எதுவோ அன்று, கைத்தடியும் பணப்பையுமாக என் முன் வந்து நில். புனித நாளில் தொடக்கூடாத பொருள்கள் அவை. யோசுவா மனம் கசந்து போய் நின்றார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் என் ஆசான், பணிந்ததில் என் சீடன் என்ற பொருள்பட வரவேற்றாராம்.

வானியலில் யோசுவா பக்கமே நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வழக்கு நிலாவைப் பற்றியதல்ல. ஆளுக்கொரு நாளில் நோன்பிருக்கும் ஒரு சமூகம் ஒரே சமூகமாக நிற்குமா என்பதே கேள்வி. நம் ஊரில் பிறை அறிவிப்புக்காக ஒரு மாலை முழுக்கக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு வந்ததும் சண்டை ஓய்ந்ததா என்றால் இல்லை. சிதறிப்போன மக்களுக்குச் சாட்சி முறை ஒத்துவராது. நான்காம் நூற்றாண்டில், 358-359 வாக்கில், இரண்டாம் ஹிலேல் கணக்கு முறையை வெளியிட்டார் என்பது மரபு. அது மெல்ல மெல்லத்தான் உருவானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 19 ஆண்டுக்கு 235 மாதம், அதில் ஏழு ஆண்டில் கூடுதல் மாதம். ஒரு மாதம் 29 நாள், 12 மணி, ஒரு மணியை 1,080 கூறாக்கினால் அதில் 793 கூறு. உண்மையான சராசரிச் சந்திர மாதத்தோடு இதற்குள்ள வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. இத்தனை நுணுக்கம் இருந்தும், 921-922-இல் பாலஸ்தீனத்தின் பென் மெயீரும் பாபிலோனின் சாதியாவும் 642 கூறு பற்றி மோதிக்கொண்டார்கள். விளைவு, அடுத்த பஸ்காவை ஒருசாரார் ஞாயிறன்றும் மறுசாரார் செவ்வாயன்றும் தொடங்கினார்கள்.

கராயிட் யூதர்கள் இந்தக் கணக்கையே ஏற்கவில்லை. வேதத்தில் இல்லாத வாய்ப்பாடு எதற்கு என்று வாற்கோதுமை வயலையும் பிறையையும் தேடிப் போனார்கள். இன்றும் அப்படிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. யூதக் கணக்கின் ஆண்டு உண்மையைவிட ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 216 ஆண்டுக்கு ஒருநாள் வீதம் பஸ்கா வசந்தத்தை விட்டு விலகுகிறது. 2024-இல் மார்ச் 25-ஆம் தேதியே வசந்தத்தின் முதல் பௌர்ணமி வந்துவிட்டது. பஸ்காவோ ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது.

கிறிஸ்தவர்களின் தகராறு வேறு இடத்தில் தொடங்கியது. சின்ன ஆசியச் சபைகள் நிசான் (ஆபிப் மாதத்தின் பிற்காலப் பெயர்) 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடின. ரோம் ஞாயிறுதான் என்றது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னாவின் ஆயர் பாலிகார்ப் ரோமுக்கே போய் பாப்பு அனிசேட்டஸோடு பேசினார். உடன்பாடு இல்லை, பகையும் இல்லை, இணக்கமாகவே பிரிந்தார்கள். நாற்பது ஆண்டுக்குள் பாப்பு விக்டர் சின்ன ஆசியாவையே விலக்கி வைக்கப் பார்த்தார். 325-இல் நைசியா சங்கம் எல்லோரும் ஒரே ஞாயிறு என்றது. தேதிக்கு யூதர்களை எதிர்பார்க்க வேண்டாம் என்பதும் அதில் அடக்கம். ஆனால் எல்லோரும் சொல்லும் அந்தச் சூத்திரம் சங்கத்தின் இருபது விதிகளில் எங்கும் இல்லை. மார்ச் 21-உம் வாய்ப்பாடும் அலெக்சாந்திரியாவின் உபயம். முன்கூட்டியே தேதி கையில் இருந்தால்தான் அயர்லாந்தும் எகிப்தும் ஒரே நாளில் தவக்காலம் தொடங்க முடியும். துல்லியத்தை விட்டுக் கொடுத்து ஒற்றுமையை வாங்கினார்கள்.

வாங்கிய ஒற்றுமையும் 1582-இல் உடைந்தது. ஜூலியன் நாட்காட்டியில் உண்மையான சம இரவு நாள் மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டதால், பாப்பு 13-ஆம் கிரகோரி பத்து நாளை வெட்டினார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் 15 வெள்ளி. நிலா வாய்ப்பாடும் திருத்தப்பட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழையதையே வைத்துக்கொண்டன. அவர்களின் மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. நிலாக் கணக்கும் சில நாள் பிந்தியது. ஆகவே சில ஆண்டுகளில் இரண்டு ஈஸ்டருக்கும் ஐந்து வாரம் இடைவெளி விழுகிறது. 2024-இல் மார்ச் 31, மே 5.

1997-இல் சிரியாவின் அலெப்போவில் கூடிய சபைப் பிரதிநிதிகள் மறுபடியும் வானத்துக்கே போகலாம் என்று பரிந்துரைத்தார்கள்: சூரியனும் நிலாவும் வானியல் கணக்குப்படி, நேரம் எருசலேம் தீர்க்கரேகைப்படி. அப்படிச் செய்திருந்தால் 2019-இல் எல்லோருக்கும் மார்ச் 24. யாரும் கணக்கில் குறை சொல்லவில்லை. பரிந்துரைதான் கிடப்பில் இருக்கிறது. நைசியாவின் 1,700-ஆம் ஆண்டான 2025-இல் இரண்டு வாய்ப்பாடுகளும் தாமாகவே ஏப்ரல் 20-இல் சந்தித்துக்கொண்டன. 2026-இல் மறுபடி ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று பிரிவு. அடுத்த சந்திப்பு 2028 ஏப்ரல் 16.